தரவுத்தளத்தில் கோப்புச் சேமிப்பு: பாராமகால் நிலக்கணக்கு முதல் இணையப் பட்டா வரை

உறவுநிலைத் தரவுத்தளத்தில் கோப்புச் சேமிப்பு என்பது, இணையச் செயலி வழியாக வரும் படம், வரைபடம், ஸ்கேன் செய்த ஆவணம் போன்றவற்றை அட்டவணைகளால் ஆன தரவுத்தளத்தோடு பிணைத்து வைத்து, தேவைப்படும்போது மீட்டெடுக்கும் முறையாகும். பெயர், எண், தேதி ஆகியவை அட்டவணையின் ஒரு வரிசையில் எளிதாக அடங்கும். ஒரு வயலின் வரைபடமோ கிரயப் பத்திரத்தின் படமோ அவ்வாறு அடங்குவதில்லை. அதை அட்டவணைக்குள்ளேயே வைப்பதா, வெளியே வைத்துவிட்டு இருப்பிடத்தை மட்டும் அட்டவணையில் குறிப்பதா என்பது கணினித் துறையில் இன்றும் கேட்கப்படும் கேள்வி.

இக்கேள்வி கணினியோடு பிறந்ததன்று. நிலத்தின் விவரத்தை ஒரு பதிவேட்டிலும் அதற்கான சான்றை வேறொரு சுவடியிலும் வைத்து, ஓர் எண்ணால் இரண்டையும் இணைக்கும் வழக்கம் தமிழ்நாட்டின் நில நிர்வாகத்தில் நெடுநாளாக உள்ளது. அந்த நிர்வாகத்தின் தொடக்கங்களுள் ஒன்று இன்றைய தருமபுரி மாவட்டத்தில் நிகழ்ந்தது. வரிசை ஓர் உரிமையைச் சொல்கிறது. கோப்பு அதை மெய்ப்பிக்கிறது. இரண்டும் எங்கே இருக்கின்றன என்பதைவிட, ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமல் இருக்கின்றனவா என்பதே இவ்வரலாறு முழுவதும் முதன்மையான சிக்கலாக இருந்துள்ளது.

பாராமகால்: வயலுக்கு ஒரு பதிவு

1792 மார்ச்சில் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் தம் ஆட்சிப் பரப்பின் ஒரு பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் அதன் கூட்டாளிகளிடமும் ஒப்படைத்தார். கம்பெனிக்குக் கிடைத்தவற்றுள் பாராமகால் ஒன்று. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதி அதில் அடங்கியிருந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் அதன் நிர்வாகத்துக்குப் பொறுப்பேற்றார். தாமஸ் மன்றோ, வில்லியம் மக்லியோட், ஜேம்ஸ் கிரகாம் ஆகியோர் அவருக்கு உதவியாளர்களாக அமர்த்தப்பட்டனர். மன்றோ 1799 வரை இப்பகுதியில் பணியாற்றினார்; தருமபுரியில் வசித்தார்.

அதுவரை கிராமம் முழுவதற்கும் சேர்த்தோ, இடைத்தரகர் ஒருவர் வழியாகவோ தீர்வை வாங்குவது பல இடங்களில் வழக்கம். ரீடும் அவருடைய உதவியாளர்களும் வயல் வயலாக நிலத்தை அளந்து, நன்செய், புன்செய், தோட்டம் எனப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தீர்வை குறித்து, உழவரோடு நேரடியாகக் கணக்கு வைக்கும் முறையை நோக்கிச் சென்றனர். இதுவே பின்னர் ரயத்துவாரி முறை எனப் பெயர் பெற்றது. இந்நிர்வாகத்தின் கடிதங்களும் அறிக்கைகளும் அரசு அச்சகத்தால் 1907 முதல் ‘பாராமகால் ஆவணங்கள்’ என்ற தலைப்பில் பல பகுதிகளாக வெளியிடப்பட்டன.

தகவல் அமைப்பு என்ற நோக்கில் இம்மாற்றம் பெரியது. கிராமத்துக்கு ஒரு தொகை என்றிருந்த இடத்தில் வயலுக்கு ஒரு பதிவு வந்தது. ஒவ்வொரு பதிவிலும் வயலின் அடையாளம், பரப்பு, வகை, உழவர் பெயர், தீர்வை என்று ஒரே வகையான விவரங்கள் இருக்க வேண்டியிருந்தது. இன்றைய மொழியில் சொன்னால், இது ஒரே அமைப்புள்ள வரிசைகளால் ஆன அட்டவணை.

இம்முறை உடனே நிலைபெறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலம் மாவட்டத்தின் நிலங்கள் மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விடப்பட்டன. அப்போது தருமபுரி சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த மன்றோவின் காலத்தில் ரயத்துவாரி முறை மீண்டும் வலுப்பெற்றது. எஞ்சியிருந்த ஜமீன், மிட்டா நிலங்கள் 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே ரயத்துவாரிக்குள் வந்தன. தருமபுரி 1965 அக்டோபர் 2 அன்று தனி மாவட்டமானது. 2004 பிப்ரவரியில் அதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது.

கிராமக் கணக்கும் புலப்படச் சுவடியும்

பாராமகாலின் தொடக்க கால அளவையில், பின்னாளில் வந்தது போன்ற வயல்வாரியான அளவுப்படங்கள் இல்லை. விவரம் எழுத்திலும் எண்ணிலும் மட்டும் இருந்தது. 1858-இல் சென்னை மாகாணத்தில் நில அளவைத் துறை ஏற்படுத்தப்பட்ட பிறகு, எல்லைக் கற்கள் நட்டு, கோணமும் தூரமும் அளந்து, ஒவ்வொரு புல எண்ணுக்கும் தனிப் படம் வரையும் முறை பரவியது. அப்படங்களின் தொகுப்பே புலப்படச் சுவடி. 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் எல்லைகளைத் தீர்மானிக்கும் முறையை வரையறுத்தது.

இவ்வாறு ஒரு வயலுக்கு இரண்டு வகை ஆவணங்கள் உருவாயின. முதல் வகை எழுத்துப் பதிவேடுகள். ‘அ’ பதிவேடு புல எண் வரிசையில் நிலங்களைப் பட்டியலிடும். சிட்டா, பட்டா எண் வரிசையில், ஒருவருக்கு அந்தக் கிராமத்தில் உள்ள நிலங்களைத் தொகுத்துக் காட்டும். இது கிராமக் கணக்கு எண் 10(1). கிராமக் கணக்கு எண் 2 ஆன அடங்கல், ஆண்டுதோறும் எந்தப் புலத்தில் என்ன பயிர் என்பதைக் காட்டும். இரண்டாவது வகை புலப்படம். இரண்டையும் இணைப்பது புல எண்ணும் உட்பிரிவு எண்ணும் மட்டுமே.

இந்த அமைப்பில் இரண்டு பலவீனங்கள் இருந்தன. ஒன்று, ஒரே விவரம் பல பதிவேடுகளில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டது. நிலம் கைமாறினால் ‘அ’ பதிவேடு, சிட்டா, அடங்கல் மூன்றிலும் பெயர் மாற வேண்டும். ஒன்றில் விடுபட்டால் எது சரி என்ற வழக்கு தொடங்கும். இரண்டாவது, நிலம் துண்டாகும்போது எழுத்தும் படமும் சேர்ந்து மாற வேண்டும். அண்ணன் தம்பி இருவர் ஒரு புலத்தைப் பாகம் பிரித்துக்கொண்டால், சிட்டாவில் புதிய உட்பிரிவு எண்கள் ஏற வேண்டும். புலப்படத்தில் புதிய கோடு விழ வேண்டும். கணக்கு எழுதுவது ஒருவர் வேலை, அளந்து கோடு போடுவது நில அளவர் வேலை. ஒன்று முடிந்து மற்றது முடியாமல் நின்றால், தாளில் நிலம் இரண்டாகவும் படத்தில் ஒன்றாகவும் இருக்கும்.

தமிழ்நாட்டில் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் போன்ற பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் பதவி வந்தது. கணக்குகள் குடும்பங்களின் கையிலிருந்து அரசின் முழுப் பொறுப்புக்கு வந்த காலம் அது. ஏறத்தாழ அதே காலத்தில், 1979 முதல் 1987 வரை, நில உடைமைப் பதிவுகளை இற்றைப்படுத்தும் திட்டம் மாநிலம் முழுவதும் நடந்தது. யு.டி.ஆர். என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் அத்திட்டத்தில் நடைமுறை உடைமையாளர்களின் பெயர்கள் பதிவேடுகளில் ஏற்றப்பட்டன. பின்னாளில் கணினியில் ஏறிய விவரங்களுக்கு இப்பதிவேடுகளே அடிப்படை.

பதிவு அலுவலகத்தின் சுட்டு அட்டவணை

நிலத்தின் மற்றொரு சான்று கிரயப் பத்திரம். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, அசையாச் சொத்து தொடர்பான பத்திரங்களின் நகல் சார்பதிவாளர் அலுவலகத்தின் முதல் புத்தகத்தில் சேர்க்கப்படுகிறது. ஆண்டுக்கு ஆண்டு தொகுதிகள் பெருகும்போது, வேண்டிய பத்திரத்தைப் பக்கம் பக்கமாகத் தேடி எடுக்க முடியாது. எனவே சட்டமே சுட்டு அட்டவணைகளைக் கட்டாயமாக்கியது. ஓர் அட்டவணை ஆட்களின் பெயர் வரிசையிலும், மற்றொன்று சொத்தின் விவர வரிசையிலும் அமையும். அவற்றில் பத்திரத்தின் உள்ளடக்கம் இராது. பத்திரம் எந்தத் தொகுதியில் எந்தப் பக்கத்தில் உள்ளது என்ற குறிப்பு இருக்கும். வில்லங்கச் சான்று கேட்டு ஒருவர் மனுச் செய்தால், அலுவலர் முதலில் அட்டவணையைத் தேடி, பிறகே தொகுதியைத் திறப்பார்.

கோப்பைத் தரவுத்தளத்துக்கு வெளியே வைத்து, அதன் பாதையை மட்டும் அட்டவணையில் எழுதும் இன்றைய முறைக்கு இது நேரான முன்னோடி. அம்முறையின் இடர்களும் அன்றே தெரிந்திருந்தன. தொகுதி கரையான் அரித்துப் போனால் அட்டவணைக் குறிப்பு இல்லாத ஒன்றைச் சுட்டும். பத்திரம் தொகுதியில் இருந்தும் அட்டவணையில் ஏறாமல் விட்டால், அது இருப்பதே யாருக்கும் தெரியாது; அந்த நிலத்தை வாங்குபவர் முன்பே இருந்த அடமானத்தை அறியாமல் பணம் கொடுத்துவிடக்கூடும்.

உறவுநிலை மாதிரியின் வருகை

1970 ஜூனில், ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் எஃப். காட், பெரிய பொதுத் தரவு வங்கிகளுக்கான உறவுநிலை மாதிரியை விளக்கும் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். தரவு கணினிக்குள் எப்படி அடுக்கப்பட்டுள்ளது என்பதைப் பயனர் அறிந்திருக்கத் தேவையில்லை என்பது அதன் மையக் கருத்து. தரவு முழுவதும் அட்டவணைகளாக இருக்கும். ஒவ்வொரு வரிசையையும் முதன்மைத் திறவுகோல் ஒன்று அடையாளம் காட்டும். ஓர் அட்டவணை மற்றோர் அட்டவணையை அயல் திறவுகோலால் சுட்டும்.

கிராமக் கணக்கை வைத்துப் பார்த்தால் இதன் பயன் விளங்கும். ‘அ’ பதிவேடும் சிட்டாவும் ஒரே விவரத்தின் இரண்டு அடுக்குமுறைகள். உறவுநிலை மாதிரியில் நிலம், உடைமையாளர், பட்டா ஆகியவற்றுக்குத் தனித்தனி அட்டவணை போதும். புல எண் வரிசையில் வேண்டும் என்றால் ஒரு வினவல், பட்டா வரிசையில் வேண்டும் என்றால் இன்னொரு வினவல். பெயர் ஓரிடத்தில் மட்டும் எழுதப்பட்டிருப்பதால் ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

1970-களில் ஐ.பி.எம்.மின் சிஸ்டம் ஆர், பெர்க்லி பல்கலைக்கழகத்தின் இங்க்ரஸ் ஆகிய திட்டங்கள் இம்மாதிரியைச் செயல்படுத்திக் காட்டின. வினவுவதற்காக டொனால்டு சேம்பர்லின், ரேமண்டு பாய்ஸ் இருவரும் உருவாக்கிய மொழி எஸ்.கியூ.எல். ஆக வளர்ந்து 1986-இல் அமெரிக்கத் தர நிலையானது. ஆனால் இந்த மாதிரி எண்ணுக்கும் குறுகிய எழுத்துக்கும் ஏற்றதாகவே முதலில் அமைந்தது. புலப்படம் போன்ற ஒன்றை எந்த நெடுவரிசையில் எழுதுவது என்பதற்கு அதில் விடை இல்லை.

பிளாப்

படம், ஒலி, நீண்ட ஆவணம் ஆகியவற்றைத் தரவுத்தளத்துக்குள் வைப்பதற்காக உருவான தரவு வகை பிளாப் எனப்படுகிறது. டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றியபோது ஜிம் ஸ்டார்க்கி இப்பெயரை வைத்தார். கண்டதையெல்லாம் விழுங்கும் ஓர் உருவத்தைப் பற்றிய 1958-ஆம் ஆண்டின் அமெரிக்கத் திரைப்படத்தின் பெயர் அது. பெரிய இருமப் பொருள் என்ற விரிவு பின்னர் சேர்க்கப்பட்டது. பிளாப் வகைக்குத் தன்னுள் இருப்பது படமா, பத்திரமா என்பது தெரியாது. அதைப் பொறுத்தவரை உள்ளடக்கம் பைட்டுகளின் தொடர் மட்டுமே.

ஒவ்வொரு தரவுத்தள மென்பொருளும் இதைத் தனக்கென ஒரு முறையில் செயல்படுத்தியது. 1997-இல் வந்த ஆரக்கிள் 8, பிளாப் வகையோடு, வெளியே உள்ள கோப்பைச் சுட்டும் பிஃபைல் வகையையும் தந்தது. எஸ்.கியூ.எல். தர நிலையில் பிளாப் 1999-இல் இடம்பெற்றது. மைஎஸ்கியூஎல் மென்பொருளில் நான்கு அளவுகள் உள்ளன: டைனிபிளாப் 255 பைட்டு, பிளாப் 65,535 பைட்டு, மீடியம்பிளாப் சுமார் 16 மெகாபைட்டு, லாங்பிளாப் சுமார் 4 கிகாபைட்டு. அளவைக் கவனிக்காமல் சாதாரண பிளாப் வகையைத் தேர்ந்துவிட்டு, ஸ்கேன் செய்த ஆவணம் ஏன் ஏறவில்லை என்று திகைப்பது மாணவர்களிடம் அடிக்கடி காணப்படும் நிகழ்வு.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் மென்பொருள் தரவை 8 கிலோபைட்டுப் பக்கங்களில் வைக்கிறது. 2001-இல் வந்த அதன் 7.1 பதிப்பு, டோஸ்ட் என்ற வசதியைச் சேர்த்தது. ஒரு வரிசை சுமார் 2 கிலோபைட்டைத் தாண்டினால், பெரிய மதிப்பு சுருக்கப்படுகிறது அல்லது துண்டுகளாக்கப்பட்டுத் துணை அட்டவணை ஒன்றில் வைக்கப்படுகிறது. மூல வரிசையில் அதற்கான சுட்டி மட்டும் இருக்கும். பயனருக்குக் கோப்பு அட்டவணைக்குள் இருப்பதாகவே தெரியும். உள்ளே நடப்பதோ பதிவு அலுவலகத்தின் அட்டவணையும் தொகுதியும் போன்ற ஏற்பாடுதான்.

உலாவியிலிருந்து கோப்பு வருதல்

தொடக்க கால இணையப் படிவங்களில் எழுத்தை மட்டுமே அனுப்ப முடிந்தது. கோப்பை அனுப்பும் முறையை 1995 நவம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 1867 முன்மொழிந்தது. மின்னஞ்சல் இணைப்புகளுக்கு முன்பே இருந்த பல்பகுதி அமைப்பை அது படிவங்களுக்குக் கொண்டுவந்தது. படிவத்தின் ஒவ்வொரு புலமும் ஒரு பகுதியாகவும், கோப்பு தன் பெயரோடும் வகைக் குறிப்போடும் ஒரு பகுதியாகவும் ஒரே கோரிக்கையில் செல்லும். இன்று இதற்குரிய விதி 2015-இல் வந்த ஆர்.எஃப்.சி. 7578.

கோப்பைப் பெறும் இணையச் செயலி பொதுவாகப் பின்வரும் வேலைகளைச் செய்கிறது. வந்த பகுதியைத் தற்காலிக இடத்தில் வைக்கிறது. அளவு வரம்புக்குள் உள்ளதா என்று பார்க்கிறது. உலாவி சொன்ன வகையை அப்படியே நம்பாமல், கோப்பின் தொடக்கப் பைட்டுகளைப் படித்து அது உண்மையில் படமா, பி.டி.எஃப். ஆவணமா என்று உறுதி செய்கிறது. அனுப்பியவர் வைத்த பெயரைச் சேமிப்புப் பாதையாகப் பயன்படுத்தாமல் புதிய அடையாள எண் தருகிறது. பெயரில் பாதைக் குறியீடுகளைப் புகுத்தி வேறு கோப்புகளின் மேல் எழுதும் தாக்குதலை இது தடுக்கிறது. பின்னர் வினவல் கூற்றையும் மதிப்பையும் தனித்தனியே அனுப்பும் முன்தயாரிப்பு வினவல் மூலம் வரிசையைச் சேர்க்கிறது. மதிப்பை வினவல் வாக்கியத்தோடு ஒட்டி எழுதினால் எஸ்.கியூ.எல். ஊடுருவலுக்கு வழி திறக்கும். இருமத் தரவு சிதையவும் கூடும்.

கோப்புக்கான அட்டவணையில் குறைந்த அளவு அடையாள எண், முதற்பெயர், வகை, பைட்டு அளவு, பதிவேற்றிய நேரம், எந்தப் பதிவுக்குரியது என்று காட்டும் அயல் திறவுகோல் ஆகியவை இருக்க வேண்டும். உள்ளடக்கத்தைத் தனி அட்டவணையில் வைப்பது நல்லது. அப்போது பட்டியல் காட்டும் வினவல் ஒவ்வொன்றும் பெரும் பைட்டுத் தொடரைச் சுமந்து வராது. கோப்பை எழுத்து நெடுவரிசையில் வைப்பதற்காக பேஸ்64 முறைக்கு மாற்றுவோரும் உண்டு. அதில் 3 பைட்டு 4 எழுத்தாவதால் இடம் மூன்றில் ஒரு பங்கு கூடும். பிளாப் வகை இருக்கும்போது அதற்குத் தேவை இல்லை.

மீட்டெடுக்கும்போது இவ்வேலை திரும்பி நடக்கிறது. அடையாள எண்ணோடு கோரிக்கை வருகிறது. கேட்பவருக்கு உரிமை உண்டா என்று செயலி பார்க்கிறது. வரிசையைப் படித்து, வகையையும் அளவையும் மறுமொழியின் தலைப்பில் எழுதி, பைட்டுகளை அனுப்புகிறது. உலாவியில் திறந்து காட்டுவதா, பதிவிறக்கச் சொல்வதா என்பதும் அத்தலைப்பிலேயே குறிக்கப்படும். வகை தவறாக எழுதப்பட்டால் படத்துக்குப் பதில் பொருளற்ற எழுத்துகள் திரையில் தோன்றும்.

தமிழ்க் கோப்புப் பெயர்கள் இங்கே தனிச் சிக்கலாக இருந்தன. ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு குறியாக்கத்தைப் பின்பற்றிய காலத்தில் ஒரு கணினியில் சரியாகத் தெரிந்த பெயர் இன்னொன்றில் குலைந்தது. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் அனைத்து எழுத்துரு ஒருங்குறியையும் தர நிலைகளாக ஏற்றது. பெயரை ஒருங்குறியில் ஒரு நெடுவரிசையிலும், சேமிப்பு அடையாளத்தை எண்ணாக வேறொன்றிலும் வைத்தால் இச்சிக்கல் பெரிதும் நீங்கும்.

உள்ளேயா, வெளியேயா?

கோப்பை அட்டவணைக்குள் வைப்பதன் பெரிய நன்மை பரிவர்த்தனை. வரிசையும் கோப்பும் ஒரே பரிவர்த்தனையில் எழுதப்படும். இரண்டும் நிலைபெறும் அல்லது இரண்டும் இல்லாமல் போகும். காப்புநகல் எடுத்தால் இரண்டும் சேர்ந்தே வரும். அணுக்க உரிமையும் ஓரிடத்தில் இருக்கும். சிட்டா மாறிப் புலப்படம் மாறாமல் நின்ற பழைய சிக்கலுக்கு இது நேரான தீர்வு.

வெளியே வைப்பதன் நன்மை வேகமும் செலவும். கோப்பு அமைப்பு பெரிய பைட்டுத் தொடர்களை எளிதாகக் கையாளும். தரவுத்தளம் சிறிதாக இருந்தால் காப்புநகல் விரைவில் முடியும். கோப்புகளை இணையச் சேவையகமே நேரடியாக அனுப்பலாம். 2006 மார்ச்சில் அமேசான் தொடங்கிய எஸ்3 சேவைக்குப் பிறகு, கோப்புகளைத் தனிச் சேமிப்பகத்தில் வைத்து, அடையாளத்தை மட்டும் தரவுத்தளத்தில் எழுதும் வழக்கம் பரவலானது. ஆனால் பரிவர்த்தனையின் பாதுகாப்பு கோப்புவரை நீளாது. வரிசை அழிந்து கோப்பு மிஞ்சலாம். கோப்பு அழிந்து வரிசை மிஞ்சலாம்.

எந்த அளவுக்கு எது ஏற்றது என்பதை 2006-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் ரசல் சியர்ஸ், கேத்தரின் வான் இங்கன், ஜிம் கிரே ஆகியோர் அளந்து பார்த்தனர். 256 கிலோபைட்டுக்குக் குறைந்த கோப்புகளுக்குத் தரவுத்தளமும், 1 மெகாபைட்டுக்கு மேற்பட்டவற்றுக்குக் கோப்பு அமைப்பும் ஏற்றவை என்பது அவர்கள் கண்ட முடிவு. இடைப்பட்டவை பயன்பாட்டைப் பொறுத்தவை. ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதும்போது சேமிப்பு சிதறிப் போவது இதில் முக்கியக் காரணி என்று அவர்கள் காட்டினர். 2008-இல் மைக்ரோசாஃப்ட்டின் எஸ்.கியூ.எல். சர்வர், ஃபைல்ஸ்ட்ரீம் வசதியைச் சேர்த்தது. அதில் உள்ளடக்கம் கோப்பு அமைப்பில் இருக்கும். பரிவர்த்தனைக் கட்டுப்பாடு தரவுத்தளத்திடம் இருக்கும். இந்த எல்லை எண்கள் அன்றைய வன்பொருளுக்கும் அவர்கள் சோதித்த மென்பொருளுக்கும் உரியவை. சிறியதற்கு உள்ளே, பெரியதற்கு வெளியே என்ற பொது வழிகாட்டல் இன்றும் பின்பற்றப்படுகிறது.

அளவை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். ஒரு கிராமத்தில் 1,000 புலங்கள் இருந்து, ஒவ்வொன்றின் ஸ்கேன் செய்த படமும் 200 கிலோபைட்டு என்று கொண்டால், மொத்தம் 200 மெகாபைட்டு. ஒரு கிராமத்துக்கு இது பெரிதன்று. அதே அளவில் 1,000 கிராமங்கள் என்றால் 200 கிகாபைட்டு ஆகிவிடும்.

தமிழ்நிலமும் வரையப்படும் படமும்

நில ஆவணங்களைக் கணினிமயமாக்க இந்திய அரசு 2008-இல் தேசிய நில ஆவண நவீனமயமாக்கல் திட்டத்தைத் தொடங்கியது. அது 2016 முதல் டிஜிட்டல் இந்தியா நில ஆவண நவீனமயமாக்கல் திட்டம் என்ற பெயரில் தொடர்கிறது. தமிழ்நாட்டில் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய தமிழ்நிலம் மென்பொருள் பட்டா விவரங்களைக் கையாளுகிறது. அரசின் இணையச் சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் ஆகியவற்றைத் தேர்ந்து, பட்டா எண்ணையோ புல எண்ணையோ தந்தால், பட்டா விவரத்தையும் ‘அ’ பதிவேட்டு விவரத்தையும் புலப்படத்தையும் பெறலாம். தருமபுரி மாவட்டத்தின் பாலக்கோடு, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம், நல்லம்பள்ளி, தருமபுரி ஆகிய ஏழு வட்டங்களும் அப்பட்டியலில் உள்ளன.

புலப்படங்களுக்காக அதே மையம் உருவாக்கியது கொலாப்லேண்ட் என்ற மென்பொருள். புலப்படச் சுவடியில் உள்ள அளவுகளை உள்ளிட்டு, புள்ளிகளும் கோடுகளுமாகப் படத்தை மீண்டும் உருவாக்குவது இதன் முறை. இது கோப்புச் சேமிப்புக் கேள்விக்கு மூன்றாவது விடை ஒன்றைத் தருகிறது. ஸ்கேன் செய்த படம் தரவுத்தளத்துக்கு வெறும் பைட்டுத் தொடர். அதில் வயலின் எந்தப் பக்கம் எத்தனை மீட்டர் என்று கேட்க முடியாது. அளவுகளே தரவாக இருந்தால் பரப்பைக் கணக்கிடலாம், உட்பிரிவு செய்யலாம், கேட்கும்போது படத்தை வரைந்து தரலாம். கோப்பு என்று கருதப்பட்டவற்றுள் ஒரு பகுதி உண்மையில் வரிசைகளாக எழுதத்தக்க தரவு என்பதை இது காட்டுகிறது. கையொப்பமும் முத்திரையும் கொண்ட கிரயப் பத்திரத்தை அப்படி மாற்ற முடியாது. அதன் உருவமே சான்று.

பதிவுத் துறை 2000-இல் ஸ்டார் திட்டத்தின்கீழ்க் கணினிமயமாக்கலைத் தொடங்கியது. இணையவழிப் பதிவுக்கான ஸ்டார் 2.0 திட்டம் 2018 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பத்திரம் பதிவானதும், பட்டா மாறுதலுக்கான விவரம் வருவாய்த் துறையின் தமிழ்நிலத்துக்கு இணையவழியில் செல்லும் ஏற்பாடு செய்யப்பட்டது. உட்பிரிவு தேவைப்படாத மாறுதலில் பெயரை மட்டும் மாற்றினால் போதும். உட்பிரிவு தேவைப்பட்டால் நில அளவர் நேரில் சென்று அளக்க வேண்டும். அந்த வேலையை எந்தப் பரிவர்த்தனையும் செய்து முடிக்காது. கணினி செய்யக்கூடியது, அளவை முடியும்வரை பழைய வரிசையை மாறாமல் வைத்து, முடிந்ததும் எழுத்தையும் படத்தையும் ஒருசேர மாற்றுவது.

சான்றாக நிற்கும் கோப்பு

பழைய புலப்படச் சுவடியின் தாள், மை, கையெழுத்து ஆகியவை அதன் உண்மைக்கு ஓரளவு சாட்சியாக இருந்தன. மின்னணுக் கோப்பை மாற்றினால் கண்ணுக்குத் தெரியாது. எனவே கோப்போடு அதன் ஹேஷ் மதிப்பையும் சேமிப்பது நல்ல வழக்கமாகக் கருதப்படுகிறது. எஸ்.எச்.ஏ.-256 முறை, எவ்வளவு பெரிய கோப்பிலிருந்தும் 256 பிட்டு மதிப்பு ஒன்றைக் கணக்கிடும். கோப்பில் ஒரு பைட்டு மாறினாலும் மதிப்பு மாறிவிடும். மீட்டெடுக்கும்போது மீண்டும் கணக்கிட்டு ஒப்பிட்டால், சேமித்த கோப்பே திரும்பி வந்ததா என்று அறியலாம். கோப்பு வெளியே இருக்கும் அமைப்பில் இந்த மதிப்பு, வரிசைக்கும் கோப்புக்கும் இடையே கூடுதல் பிணைப்பாகிறது.

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணங்களுக்குச் சட்ட ஏற்பு அளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம், மின்னணு ஆவணத்தோடு தர வேண்டிய சான்றிதழின் படிவத்தில் ஹேஷ் மதிப்பைக் கேட்கிறது. இணையவழிப் பட்டாவையும் அதில் அச்சாகும் குறிப்பு எண்ணைக் கொண்டு அரசுத் தளத்தில் சரிபார்க்கலாம். கையில் உள்ள தாளைச் சான்றாக நம்பாமல், அது சுட்டும் வரிசையைத் திரும்பக் கேட்டுப் பார்க்கும் முறை இது.

பாராமகாலில் வயல் வயலாக எழுதத் தொடங்கிய பதிவு இன்று தரவுத்தள வரிசையாகவும், சுவடியில் வரைந்த படம் மின்னணு அளவுகளாகவும், தொகுதியில் நகலெடுத்த பத்திரம் ஸ்கேன் செய்த கோப்பாகவும் மாறியுள்ளன. புல எண் மட்டும் மூன்றையும் இணைக்கும் திறவுகோலாகத் தொடர்கிறது. அந்த எண் ஓரிடத்தில் பிழையாக ஏறியிருந்தால், உழவர் வட்டாட்சியர் அலுவலகத்தில் திருத்த மனுக் கொடுத்து, மூலப் பதிவேட்டோடு ஒப்பிட்டே அதைச் சரிசெய்ய வேண்டியுள்ளது. பழைய பதிவேடுகளையும் புலப்படச் சுவடிகளையும் கணினிமயமான பின்பும் பாதுகாக்க வேண்டிய தேவை இதனால் நீடிக்கிறது.